ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா?

(காட்டோரக் கிராம விவசாயிகளின் கோரிக்கை ஆர்ப்பாட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பாடுபட்டு விளைவித்து பன்னிக்கும் யானைக்கும் பங்கு கொடுத்துவிட்டு மிச்சத்தை விலைக்கு விற்கும் உழவர் பெருமக்களே!

இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டில யார் தூங்கப் போறதில்லை? இந்தக் கேள்வியோடதான் என் பேச்சைத் தொடங்குறேன். நிலக்கடலை போட்டவர் வீட்டில ஒருத்தர் தூங்க மாட்டார். மக்காச்சோளம் கதிர் பிடிச்ச வீட்டில ஒருத்தர் தூங்க மாட்டார். வாழை குலை தள்ளியிருந்தா வீட்டில யாருமே தூங்க முடியாது. பகல் முழுக்க வேலை, ராத்திரி முழுக்கக் காவல். இந்தக் காவலுக்குக் கூலி உண்டா? கிடையாது. விளைபொருளுக்கு விலை நிர்ணயிக்கிற எந்தக் கணக்கிலாவது நாம கண் விழிச்ச ராத்திரிக்கு ஒரு ரூபாய் போட்டிருக்காங்களா? போட்டதில்லை.

தகரம் தட்டிப் பார்த்தோம். பழைய சேலையை வயலைச் சுத்திக் கட்டிப் பார்த்தோம். முடி வெட்டுற கடையில இருந்து முடி வாங்கி வந்து வரப்பில தூவிப் பார்த்தோம். வேட்டுப் போட்டோம். முதல் வாரம் பன்னி ஒதுங்கிப் போகுது. ரெண்டாவது வாரம் நின்னு பார்க்குது. மூணாவது வாரம் சேலைக்கு அடியில புகுந்து கிழங்கைத் தோண்டுது. இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

சட்டம் எங்கே நிற்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டு திருத்தம் கொண்டு வந்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. விவசாயி தானாகக் கை வைத்தால் வழக்கு, சிறை.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டு எல்லையில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றில் இருந்து மூன்று கிலோமீட்டர் வரை வனத்துறை பிடித்துக் காட்டுக்குள் கொண்டு போய் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறை ஆட்கள் சுடலாம். இதுதான் அந்த ஆணையின் சாரம்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. இங்கே கூடியிருக்கிறவங்கள்ல எத்தனை பேரு நிலம் காட்டில இருந்து மூணு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்குது? பாதிப் பேருக்கு வரப்பு தாண்டினாலே காடு. அந்தக் காட்டோர விவசாயிக்குச் சட்டம் விட்டு வெச்சிருக்கிற வழி ஒண்ணே ஒண்ணு. விரட்டணும். அவ்வளவுதான். எதை வெச்சு விரட்டுறது? அதை யாரும் சொல்லலை.

வழி சொல்லாம விட்டதோட விளைவு என்னன்னு நாம பார்த்துட்டோம். வயலைச் சுத்திக் கம்பி இழுத்து, அதில நேரடியா மெயின் கரண்ட்டைக் கொடுக்கிறாங்க. 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில இப்படி ஒரு வேலியில மூணு பெண் யானைகள் செத்துக் கிடந்தன. ரெண்டு குட்டிகள் பிழைச்சு, செத்த யானைகளைச் சுத்திச் சுத்தி வந்ததை நாடே பார்த்தது. அந்த விவசாயி கைதானார். யானை மட்டுமா சாகுது? தண்ணி கட்டப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரரு சாகுறாரு. மாடு பிடிக்கப் போன பையன் சாகுறான். சில இடத்தில கம்பி கட்டினவரே மறந்து போய் மிதிச்சு சாகுறாரு. அவுட்டுக்காய் வைக்கிறவங்க கதையும் இதேதான்.

நம்ம சங்கம் இந்த இடத்தில தெளிவா ஒண்ணு சொல்லுது. கள்ளக் கரண்ட் வேலி வேண்டாம். அவுட்டுக்காய் வேண்டாம். நாம உயிரை வளர்க்கிற சாதி, உயிரை எடுக்கிற சாதி இல்லை. ஆனா வேண்டாம்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டா விளைச்சலை யாரு காப்பாத்துறது? மாற்று வழி வேணும். அந்த மாற்று வழியைப் பத்திப் பேசத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

ரயிலுக்குக் கிடைத்தது

நம்ம கோயம்புத்தூர் மாவட்டத்திலேயே மதுக்கரை இருக்குது. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் நடுவில ரெண்டு ரயில் பாதை காட்டுக்குள்ள போகுது. 2021 நவம்பர் 26ஆம் தேதி ராத்திரி நவக்கரை பக்கத்தில ரயில் மோதி ஒரே சமயத்தில மூணு யானைகள் செத்துப் போச்சு. பெரிய சத்தம் எழுந்தது. வழக்கு நடந்தது. அதுக்குப் பிறகு அரசு என்ன பண்ணிச்சு? 7.24 கோடி ரூபாய் செலவு பண்ணி, 12 கோபுரம் நட்டு, 24 கேமரா மாட்டி, 2024 பிப்ரவரியில கட்டுப்பாட்டு அறையைத் திறந்தாங்க. அந்தக் கேமராவுக்கு இருட்டிலேயும் கண் தெரியும், உடம்புச் சூட்டை வெச்சே கண்டுபிடிக்கும். யானை பாதைக்குப் பக்கத்தில வந்தா, கம்ப்யூட்டர் தானே அடையாளம் கண்டு வனத்துறைக்கும் ரயில்வேக்கும் சேதி சொல்லும். ரயில் வேகத்தைக் குறைக்கும்.

நல்ல காரியம்! யானை பிழைக்கிறதில நமக்குச் சந்தோஷம்தான். அதைச் செஞ்ச அதிகாரிகளையும் பாராட்டுறோம். ஆனா ஒரு கேள்வி கேட்கிறோம். ரயில் பாதையைக் கடக்கிற அதே யானை, கடந்து எங்கே போகுது? நம்ம வாழைத் தோப்புக்குத்தான் வருது! ரயில்கிட்ட வந்தா அதைக் கண்டுபிடிக்க ஏழு கோடி ரூபாய்க் கண் இருக்குது. நம்மகிட்ட வந்தா கண்டுபிடிக்க ரெண்டு செல் டார்ச்சும் எழுபது வயசுக் கிழவனும் போதுமா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா?

கேமரா தானாக விளக்குப் போடுவது எப்படி?

"ஏழு கோடி எல்லாம் நமக்கு எதுக்கு, டவுன்ல வீட்டு வாசல்ல மாட்டுற கேமரா சில ஆயிரத்துக்குக் கிடைக்குதே, அதை வயல்ல மாட்டினா ஆகாதா"ன்னு இளவட்டப் பசங்க கேட்கிறாங்க. ஆகும். ஆனா தெரிஞ்சு செய்யணும். இதைப் புரிஞ்சுக்கிறது கஷ்டமே இல்லை. மோட்டார் ரூம்ல இருக்கிற ஸ்டார்ட்டர் தெரிஞ்சவருக்கு இது முழுக்கத் தெரியும்.

இதில மூணு வேலை இருக்குது. ஒண்ணு, பார்க்கிறது. ரெண்டு, முடிவு பண்றது. மூணு, விளக்கையும் ஹூட்டரையும் போடுறது.

முதலாவது, பார்க்கிறது. இதில ரெண்டு வகை உண்டு. ஒரு வகை, சூடான உடம்பு நகர்ந்தா கண்டுபிடிக்கிற சென்சார். ஆஸ்பத்திரி, ஹோட்டல் வராந்தாவில ஆள் வந்தா லைட் தானா எரியுதே, அதுதான். விலை கம்மி, கரண்ட் கொஞ்சம் போதும். ஆனா பத்து மீட்டர் சுமாருக்குத்தான் எட்டும். பகல் வெயில்ல மண்ணும் உடம்பும் ஒரே சூடா இருந்தா ஏமாந்து போகும். ராத்திரியில நல்லா வேலை செய்யும். இன்னொரு வகை, படத்தில ஏதாவது மாறினா கண்டுபிடிக்கிற கேமரா. இது தூரம் பார்க்கும். ஆனா வாழை இலை ஆடினாலும் மாற்றம்தான், மழை பெய்தாலும் மாற்றம்தான். ராத்திரியில கேமராவோட சிவப்பு விளக்கைத் தேடி விட்டில் பூச்சி வந்து மொய்க்கும், சிலந்தி கண்ணாடி மேலேயே வலை கட்டும். அதுக்கெல்லாம் ஹூட்டர் அடிச்சா என்ன ஆகும்? மூணு நாள்ல நாமே ஒயரைப் பிடுங்கிப் போட்டுடுவோம். அதனால ரெண்டையும் சேர்த்து வெக்கணும். சூடும் தெரியணும், படத்திலும் அசைவு தெரியணும், அப்பத்தான் ஹூட்டர் அடிக்கணும்.

இரண்டாவது, முடிவு பண்றது. இங்கேதான் நம்ம ஆளுங்க ஏமாறுறாங்க. "இது ஏஐ கேமரா, ஆளைத் தனியா, வண்டியைத் தனியாக் கண்டுபிடிக்கும்"னு கடைக்காரர் சொல்லுவார். உண்மைதான். ஆனா அது டவுன் வீட்டுக்காகச் செஞ்சது. மனுஷன், கார், நாய், பூனை இதைத்தான் அதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. காட்டுப்பன்னியை அதுக்கு யாரும் காட்டினதே இல்லை. "மனிதன் மட்டும்"னு அமைப்பை வெச்சுட்டா, பன்னிக் கூட்டம் முழுசாக் கடலைக் காட்டில மேய்ஞ்சாலும் கேமரா பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கும்! வாங்குறப்போ "பன்னி, யானை வந்தா இது அடிக்குமா, என் தோட்டத்தில வெச்சு ஒரு வாரம் காட்டு"ன்னு கேளுங்க. காட்ட மாட்டேன்னு சொன்னா வாங்காதீங்க.

மூன்றாவது, விளக்குப் போடுறது. இதுக்கும் ரெண்டு பாதை இருக்குது. ஒண்ணு சுத்துப் பாதை. கேமரா பார்த்ததை இன்டர்நெட் வழியா எங்கேயோ இருக்கிற கம்பெனி கம்ப்யூட்டருக்கு அனுப்பும், அது நம்ம செல்போனுக்கு அனுப்பும், செல்போன் விளக்குக்கு அனுப்பும். நடுவில டவர் இல்லைன்னா, சிம்ல ரீசார்ஜ் தீர்ந்துட்டா, கம்பெனி சந்தா கேட்டு நிறுத்திட்டா, எல்லாம் போச்சு. சேதி வந்து சேரவும் நேரமாகும். அதுக்குள்ள பன்னி பாத்தியைத் தாண்டிடும்.

ரெண்டாவது நேர்ப் பாதை. சில கேமராவிலேயே பின்னால 'அலாரம் அவுட்'னு ரெண்டு முனை இருக்கும். கேமரா அசைவைப் பார்த்ததும் அந்த ரெண்டு முனையும் உள்ளே ஒண்ணா சேரும். மோட்டார் ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டனை அமுக்கினா காயில் இழுத்து மோட்டார் ஓடுதே, அதே தத்துவம்தான். பட்டனை நம்ம விரலுக்குப் பதிலா கேமரா அமுக்குது. அதுக்கு டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ஆனா ஒரு எச்சரிக்கை. அந்த முனை சின்னது. பெரிய ஃபோகஸ் லைட்டை அதில நேரடியாக் கட்டினா கருகிடும். நடுவில ஒரு ரிலே போடணும். 12 வோல்ட் பேட்டரியிலேயே விளக்கையும் ஹூட்டரையும் ஓட்டுங்க, வயல் ஈரத்தில 230 வோல்ட்டை இழுக்காதீங்க. ஓர் உயிரைக் காப்பாத்துறேன்னு சொல்லி இன்னொரு உயிரைப் பணயம் வெக்கக் கூடாது.

ஆக, வாங்குறப்போ முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இது: "டவர் இல்லாதப்போ இது விளக்குப் போடுமா?" போடும்னா நமக்கு ஆகும். போடாதுன்னா அது டவுன்காரங்க சாமான்.

பேட்டரிக் கணக்கையும் சொல்லிடுறேன். 5 வாட் கேமரா நாள் முழுக்க ஓடினா 120 வாட் மணி சாப்பிடும். 20 வாட் எல்இடி ஃபோகஸ் லைட், ராத்திரிக்கு இருபது தடவை, தடவைக்கு அரை நிமிஷம் எரிஞ்சா மொத்தமே பத்து நிமிஷம்தான். அது மூணரை வாட் மணிகூட ஆகாது. அப்போ பேட்டரியைத் தின்னுறது விளக்கு இல்லைங்க, முழிச்சுக்கிட்டே இருக்கிற கேமராதான். அதனால சென்சார் தட்டி எழுப்பினா மட்டும் முழிக்கிற கேமராவா இருந்தா சின்ன சோலார் பிளேட்டே போதும். நாள் பூரா முழிக்கிறதா இருந்தா 50 வாட் பிளேட்டும் 40 ஏஎச் பேட்டரியுமாவது வேணும். அதுவும் ஐப்பசி அடைமழையில ரெண்டு நாளைக்குத்தான் தாங்கும்.

விலங்குக்கும் புத்தி உண்டு

"சேலைக்குப் பழகின பன்னி விளக்குக்குப் பழகாதா"ன்னு பெரியவங்க கேட்கிறீங்க. நியாயமான கேள்வி. பழகும். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில ஒரே விளக்கு எரிஞ்சா, அதுக்குப் பேரு தெரு விளக்கு. பன்னி அந்த வெளிச்சத்திலேயே சாப்பிடும். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் அப்படித்தான். தானாக இயங்குற அமைப்போட பலமே, விலங்கு வந்த அந்த நிமிஷம் மட்டும் இருட்டில இருந்து திடீர்னு எழும்புறதுதான். விளக்கோட இடத்தை வாரா வாரம் மாத்தணும். ஒரு நாள் நாய் குரைப்பு, ஒரு நாள் ஆள் கூச்சல், ஒரு நாள் தகரச் சத்தம்னு மாத்தி மாத்திப் போடணும்.

இதை ஆராய்ச்சி பண்ணியே பார்த்திருக்காங்க. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவேக் துப்பில், ரிச்சர்ட் காஸ் ரெண்டு பேரும் தென்னிந்தியாவில காட்டோர வயல்கள்லயே இதைச் சோதிச்சாங்க. யானை வர்ற தடத்தில கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரை வெச்சு, யானை அதைக் கடந்ததும் தானாகவே ஸ்பீக்கர்ல சத்தம் வர்ற மாதிரி அமைச்சாங்க. புலி உறுமல் கேட்டதும் யானை சத்தமில்லாமப் பின்வாங்கிச்சு. சிறுத்தை உறுமலுக்கு எதிர்த்துப் பிளிறிட்டு, அப்புறம்தான் போச்சு. இது 2013ல வெளிவந்த ஆய்வு. 2016ல வெளிவந்த அடுத்த ஆய்வில, புலி உறுமலுக்கு ஏறக்குறையப் பத்துக்கு ஒன்பது தடவை யானை திரும்பிப் போச்சு. மனுஷக் கூச்சலுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் திரும்பிச்சுன்னு எழுதியிருக்காங்க. நாம தொண்டை கிழியக் கத்தினது ஏன் பாதி நாள் பலிக்கலைன்னு இப்போ புரியுதா? ஆப்பிரிக்காவில கென்யா நாட்டில லூசி கிங் என்கிற அம்மையார், கலைஞ்ச தேனீக்களோட சத்தத்தைக் கேட்டாலே யானை ஓடுதுன்னு 2007லயே நிரூபிச்சிருக்காங்க.

ஆனா யானைக்கும் பன்னிக்கும் ஒரே மருந்து கிடையாது. பன்னியை விரட்டினா அது ஓடும். யானையை விரட்டினா எந்தப் பக்கம் ஓடும்னு யாரு சொல்ல முடியும்? அதனால விளக்கும் ஹூட்டரும் காட்டைப் பார்த்து இருக்கணும். யானை உள்ளே வரும் முன்னாடி எல்லையிலேயே அடிக்கணும். அது திரும்பிப் போகக் காட்டுப் பக்கம் வழி திறந்திருக்கணும். யானை நடு வயலுக்கு வந்த பிறகு பின்னால இருந்து சைரன் போட்டா அது ஊருக்குள்ளதான் வரும். அந்த நேரத்தில சத்தம் யானைக்கு வேண்டாம், சேதி மனுஷனுக்கு வேணும்.

மனுஷனுக்குச் சேதி சொல்றதில நமக்கு வழி காட்டினது வால்பாறை. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர், யானை எங்கே நிற்குதுன்னு ஊர் மக்களுக்குச் செல்போன் குறுஞ்செய்தி அனுப்பினாங்க. எஸ்டேட்ல முக்கியமான இடங்கள்ல கம்பத்தில சிவப்பு விளக்கு வெச்சாங்க. பக்கத்தில யானை இருந்தா, உள்ளூர்க்காரரே செல்போன்ல இருந்து அந்த விளக்கை எரிய விடலாம். வேலை முடிஞ்சு வர்ற தோட்டத் தொழிலாளி தூரத்திலேயே சிவப்பு விளக்கைப் பார்த்துட்டு வேற வழியாப் போயிடுவார். யானைக்கும் தொந்தரவில்லை, மனுஷனுக்கும் ஆபத்தில்லை. அந்தப் பணிக்காக 2015ல விட்லி விருதுன்னு உலக அளவில விருது கிடைச்சது. கவனிங்க, அங்கே விளக்கை வெச்சது மட்டும் வேலை செய்யலை. எந்த விளக்கு எதுக்கு எரியுதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருந்தது. ஊர் சேர்ந்து நின்னதாலதான் அது பலிச்சது.

ஏன் தனித்தனியா வாங்கக் கூடாது?

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். வசதியுள்ள பத்து ஏக்கர்க்காரர் தன் தோட்டத்தைச் சுத்திக் கேமரா, விளக்கு, ஹூட்டர் எல்லாம் போட்டுட்டார்னு வெச்சுக்குவோம். பன்னி என்ன பண்ணும்? பட்டினி கிடக்குமா? பக்கத்தில இருக்கிற ஒண்ணரை ஏக்கர்க்காரர் வயலுக்குப் போகும். முன்னாடி பத்துப் பேருக்குப் பிரிஞ்ச நஷ்டம் இப்போ ஒரே ஏழை தலையில விழும். அவரும் கடன் வாங்கிக் கேமரா வாங்குவார். அடுத்து அதுகூட வாங்க முடியாதவர் வயல். இப்படி விலங்கைத் தள்ளித் தள்ளிக் கடைசியா ஊர்லயே ரொம்ப ஏழை, குத்தகைக்காரர், தனியா வெள்ளாமை பண்ற விதவைத் தாய், அவங்க வயல்லதான் கொண்டு போய் விடுவோம். இதுவா தீர்வு?

காடு ஒரே கோடா இருக்குது, காவலும் ஒரே கோடா இருக்கணும். ஊருக்குப் பொதுக் கிணறு மாதிரி, தெரு விளக்கு மாதிரி, இது பொதுச் சொத்தா காட்டோரம் முழுக்கத் தொடர்ச்சியா நிற்கணும். அதை நம்ம ஒவ்வொருத்தர் சட்டைப் பையில இருந்து எடுக்க முடியாது. அரசுதான் செய்யணும். வனவிலங்கு அரசாங்கத்தோட பொறுப்புதானே? உங்க மாடு என் வயல்ல மேய்ஞ்சா நீங்கதானே நஷ்டஈடு கொடுக்கணும்? உங்க மாட்டை நீங்கதானே கட்டணும்?

சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம் தமிழ்நாட்டில கொடுக்கிறாங்க. தண்ணியைச் சேமிக்க நூறு சதவீதம் தர முடியும்னா, அந்தத் தண்ணியில விளைஞ்சதைக் காப்பாத்த ஏன் தர முடியாது?

கேமரா நம்மைப் பார்க்கக் கூடாது

இன்னொரு விஷயம். குறிப்பா இங்கே வந்திருக்கிற தாய்மார்களுக்காகச் சொல்றேன். வயல்ல பெண்கள் வேலை செய்யுறாங்க, மோட்டார் தொட்டியில குளிக்கிறாங்க, ஒதுங்கப் போறாங்க. கேமரா எங்கே பார்க்குது, அந்தப் படம் எங்கே போகுது, யாரு போன்ல தெரியுதுங்கிறது சின்ன விஷயமில்லை. காவல் கேமரா காட்டுப் பக்கம்தான் பார்க்கணும். ஊர்ப் பக்கம், தொட்டிப் பக்கம், பக்கத்து வீட்டு வாசல் பக்கம் திரும்பக் கூடாது. பகல்ல அணைச்சு வெச்சு, பொழுது சாய்ஞ்ச பிறகு போட்டாலே பாதிப் பிரச்னை தீரும். படம் ஊர்லயே மெமரி கார்டுல இருக்கணும். கேமரா வெக்கலாமா, எங்கே வெக்கலாம்னு முடிவு பண்ற கூட்டத்தில பாதிப் பேர் பெண்களா இருக்கணும்.

அதே மாதிரி, விறகு பொறுக்கப் போற ஏழைப் பெண்ணையும் ஆடு மேய்க்கிறவரையும் படம் பிடிச்சு வழக்குப் போட இந்தக் கேமராவைப் பயன்படுத்த நாம விட மாட்டோம். பன்னியைப் பார்க்கச் சொன்னா பன்னியைத்தான் பார்க்கணும்.

சத்தமும் அப்படித்தான். ராத்திரி பத்து மணியில இருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு இருக்குதுன்னு 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி சொல்லுது. கைக்குழந்தை, நோயாளி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எல்லாரும் ஊர்ல இருக்காங்க. இருபது நொடிக்கு மேல ஹூட்டர் அடிக்கத் தேவையில்லை. வாயைக் காட்டுப் பக்கம் திருப்பி வைங்க. ஊராட்சியில தீர்மானம் போட்டு, எல்லார் சம்மதத்தோட செய்யணும்.

நம்முடைய கோரிக்கைகள்

மத்திய, மாநில அரசுகளை நாம் கேட்பது இவைதான்:

1. காப்புக்காட்டு எல்லையில் இருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் கிராமங்களில், விலங்கு வந்தால் தானாக விளக்கும் ஒலியும் எழுப்பும் பொதுக் காவல் அமைப்பை அரசு தன் செலவில் நிறுவ வேண்டும். செல்போன் டவர் இல்லாத இடத்திலும் இயங்கும் அமைப்பாக அது இருக்க வேண்டும்.

2. அந்த அமைப்பு நம் ஊர்ப் பன்றியையும் யானையையும் அடையாளம் காண்கிறதா என்று ஒரு பருவம் முழுக்க வயலிலேயே சோதித்துக் காட்டிய பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் தர வேண்டும்.

3. பராமரிக்க ஊர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சியும் மாதச் சம்பளமும் தர வேண்டும். பழுதானால் இரண்டு நாளில் சரி செய்ய வேண்டும். திறப்பு விழாவோடு துருப்பிடிக்கும் இன்னொரு திட்டம் நமக்கு வேண்டாம்.

4. கேமராவில் பதிவான காட்சியைப் பயிர்ச் சேதத்துக்கு ஆதாரமாக ஏற்று, முப்பது நாளுக்குள் இழப்பீடு தர வேண்டும். "கேமராவில் தெரியவில்லை" என்று சொல்லி யாருடைய இழப்பீட்டையும் மறுக்கக் கூடாது.

5. கேமரா சேதி கொடுத்தால், எத்தனை நிமிடத்தில் வனத்துறை விரட்டும் குழு வந்து சேரும் என்பதை எழுத்தில் தர வேண்டும். அதற்கு வண்டியும் ஆளும் தர வேண்டும். விரட்டும் குழுவில் இருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குப் பணி நிரந்தரம் வேண்டும்.

6. பதிவுகள் ஊராட்சியின் பொறுப்பில் இருக்க வேண்டும். விலங்குக் காவலைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

தோழர்களே! விளக்கும் ஹூட்டரும் வந்துட்டா எல்லாம் தீர்ந்துடும்னு நான் சொல்லலை. காட்டுக்குள்ள தண்ணி இல்லாம, தீவனம் இல்லாம, வழித்தடத்தை மறிச்சுப் பெரிய பெரிய கட்டடம் கட்ட விட்டுட்டு, வாசல்ல ஒரு கேமராவை மாட்டினா விலங்கு வராம இருக்காது. அந்தப் போராட்டம் தனியா நடக்கும், நடந்துக்கிட்டும் இருக்குது. ஆனா அது முடியற வரைக்கும் நம்ம பெரியவங்க பரண் மேலேயே கிடக்கணுமா? பனியில உட்கார்ந்து நெஞ்சுச் சளி பிடிச்சுச் சாகணுமா? யானை வருதான்னு தெரியாம இருட்டில மடை திருப்பப் போய் மிதிபடணுமா? மெஷின் செய்யக்கூடிய ஒரு வேலைக்கு மனுஷ உயிரை வெக்கிறதுதான் அநியாயம்.

இந்தத் துண்டறிக்கையை வீட்டுக்குக் கொண்டு போங்க. படிக்கத் தெரியாத பெரியவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில இந்த ஆறு கோரிக்கையையும் தீர்மானமா எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல் வாங்கிட்டு வாங்க. ஒவ்வொரு ஊர்த் தீர்மானத்தையும் சேர்த்துக் கட்டி, மாவட்ட ஆட்சியர் மேஜையில நாம எல்லாரும் போய் வைப்போம். தனியாப் போனா அது மனு, சேர்ந்து போனா அது குரல்!

ரயிலைக் காக்கும் கண், உழவனையும் காக்கட்டும்!
கள்ளக் கரண்ட் வேண்டாம், காவல் விளக்கு வேண்டும்!
இரவுக் காவலில் இனி ஓர் உயிரும் போகக் கூடாது!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!